தாமதமாக வந்த செப்டம்பர்

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலை முதலில் படித்தபோது எனக்கு இருபது வயது. 'கிரிக்கெட் நாவல்' என்று நண்பனிடம் சொன்னேன். இந்தக் குளிர்காலத்தில் பார்சிப்பனியில், சென்னை அலுவலகத்தோடு பேசும் இரவு அழைப்புகளுக்கு நடுவே மறுபடி படித்தேன். தலைப்பு இடத்தைச் சொல்கிறது. நாவலோ காலத்தைப் பற்றியது.

1947 ஆகஸ்ட் 15 செகந்திராபாத்துக்கு வரவில்லை. நவம்பரில் நிஜாம் அரசும் இந்தியாவும் ஓராண்டுக்கு 'இருப்பது இருந்தபடி' ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. காலத்தையே நிறுத்திவைக்கும் ஒப்பந்தம்! ரயில்வே ஊழியர் மகன் சந்திரசேகரன் அந்த நின்றுபோன காலத்தில்தான் வளர்கிறான். மாடு, சைக்கிள், கல்லூரி, கிரிக்கெட் என்று அவனுடைய நாள்கள் ஓடுகின்றன. ரஜாக்கர்கள் அதன் ஓரத்தில் வந்துபோகிறார்கள். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது. ஐந்தே நாளில் நிஜாம் அரசு பணிகிறது. பதின்மூன்று மாதம் தேங்கிக் கிடந்தது ஒரே வாரத்தில் உடைகிறது.

முடிவு திடீரென்று வருகிறது என்ற குறையை நானும் ஒருகாலத்தில் சொன்னதுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. சில அத்தியாயங்களில் 'நான்' பேசுகிறான், சிலவற்றில் அவன் வெறும் 'சந்திரசேகரன்'. உள்ளே நின்று வாழ்ந்தவன் ஒருவன். வெகுகாலம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறவன் இன்னொருவன். இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போவதே இல்லை. நாவல் வந்தது 1977இல், ஆசிரியர் தன் நாற்பதுகளின் நடுவில் இருந்தபோது. (இப்போது என் வயதும் அதுதான். இருபதில் பிடிபடாததற்கு இது ஒரு சமாதானம்.)

ஆனாலும் அந்தத் தாமதத்தை மெச்சவே வேண்டியிருக்கிறது. ராணுவ நடவடிக்கைக்குப் பின் முஸ்லிம்கள் மீது நடந்த வன்முறையை விசாரிக்க, பண்டித சுந்தர்லால் தலைமையில் நேரு ஒரு குழுவை அனுப்பினார். இறந்தவர்கள் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்றது குழு. அரசு அந்த அறிக்கையைப் பல பத்தாண்டுகள் வெளியிடவில்லை. எண்ணிக்கை எதையும் சொல்லாமல், ஒரு வீட்டின் ஒரே ஒரு அறையை வைத்து அதைத் தமிழில் சொல்லிவிட்டது இந்த நாவல்.

கலவரத்துக்கு நடுவே தற்செயலாக அந்த வீட்டுக்குள் போய்விடுகிறான் சந்திரசேகரன். குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சின்னப் பெண் அவன் முன் ஆடையைக் களைகிறாள். அவன் ஓடுகிறான். அவன் பெரியவனாவது அந்த ஓட்டத்தில்தான். பதின்மூன்று மாதம் வேடிக்கை பார்த்தவனை அவள் கண்களில் கொலைகாரனாக்க ஒரு நிமிடம் போதுமாக இருக்கிறது.

என் மகள் இதை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தாள். "அப்பா, அவன் ஓடிட்டான். அந்தப் பொண்ணு எங்கே ஓடுவா?" என்று கேட்டாள். அவன் மனம் முதிர அவள் ஒரு கருவியாகிறாள், அதற்குப் பிறகு நாவலில் அவளுக்கு இடமில்லை. அடுத்த நாள் என்ற ஒன்று அவளுக்கு எழுதப்படவே இல்லை. முதல் வாசிப்பில் எனக்கு இது உறைக்கக்கூட இல்லை. இப்போது அதைக் குறையென்றே சொல்வேன், இவ்வளவு நேர்மையான நாவலாக இருந்தும்.