'ஃபிரீ' என்னும் அடைமொழி

ஒரு சொல் பல பொருள் தருவது தமிழுக்குப் புதிதன்று. 'கடி' என்னும் ஓர் உரிச்சொல்லுக்குக் காவல், கூர்மை, விரைவு, புதுமை, அச்சம் முதலாகப் பத்துப் பொருள்களைத் தொல்காப்பியர் எண்ணிக் காட்டினார். எப்பொருள் எவ்விடத்திற்கு உரியது என்பதை அடுத்து நிற்கும் சொல் உணர்த்திவிடும். இதனைப் பாடமாகக் கற்பிப்பவர்களும் ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும்போது ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கணக்குத் தீர்க்க முற்படுவது வியப்பே. அதனால் விளையும் குழப்பத்திற்கு 'ஃபிரீ' என்னும் சிறிய அடைமொழி போதிய சான்றாகும்.

இச்சொல்லுக்குச் 'சுதந்திரமான', 'இலவசமான' என்னும் இரண்டு பொருள்களே பலர் நினைவுக்கு வருகின்றன. வழக்கோ அவ்விரண்டில் அடங்குவதில்லை. வேலையின்றி ஓய்வாக இருப்பவர், ஆள் அமராத நாற்காலி, தீர்வையில்லாப் பண்டம், நோயற்ற கன்று, மூலத்தைச் சொல்லுக்குச் சொல் தொடராத மொழிபெயர்ப்பு ஆகிய அனைத்திற்கும் ஆங்கிலம் இந்த ஓர் அடைமொழியையே சூட்டுகிறது. சர்க்கரை சேராத பானத்தை 'இலவசச் சர்க்கரை' என்று பெயர்த்தால் கடைக்காரரும் நகைப்பார்.

கோல சிலாங்கூர் மாவட்டத்திலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கி, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. செம்பனை ஆலைகளில் எண்ணெயின் தரத்தை அறிய 'ஃபிரீ' கொழுப்பமிலத்தை அளப்பார்கள். பழம் அடிபட்டாலும், ஆலைக்குப் போகாமல் நெடுநேரம் கிடந்தாலும், எண்ணெயோடு பிணைந்திருந்த அமிலம் பிரிந்து தனித்து நிற்கும். அதன் அளவு ஏற ஏறத் தரம் இறங்கும். இங்கே அச்சொல்லுக்குப் 'பிணைப்பற்ற' என்பதே பொருள். சுதந்திரத்திற்கும் இலவசத்திற்கும் இங்கு வேலையே இல்லை.

இவை சிரித்துவிட்டு மறக்கத்தக்க பிழைகள். தோட்ட மக்களின் வரலாற்றை எழுதும்போது நேரும் பிழை அத்தகையதன்று. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைச் சேர்ப்பது 1910இல் நின்றது. அதன்பின் கங்காணிகள் வழியாக வந்தோரை ஆங்கில ஆவணங்கள் 'ஃபிரீ' தொழிலாளர் என்று குறித்தன. இதனைச் 'சுதந்திரத் தொழிலாளர்' என்று பெயர்ப்பது பொருந்துமா? குறித்த ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் உழைப்பதாகக் கைந்நாட்டு வைக்காதவர், ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகக்கூடியவர் என்பதற்கு மேல் அச்சொல் ஒன்றும் உறுதி கூறவில்லை. குடியிருந்த லயம் தோட்டத்திற்கே உரியது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளையும் கணக்கிட்டுக் கங்காணிக்குத் தலைக்காசு வழங்கப்பட்டது. இந்நிலையில் இருந்தோரை 'ஒப்பந்தக் கட்டில்லாத் தொழிலாளர்' என்பதே நேர்மையான தமிழாகும்.

அவர்கள் வந்த கப்பல் சீட்டும் 'ஃபிரீ'யே. 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகளிடம் தண்டிய பணத்திலிருந்து அச்செலவு கொடுக்கப்பட்டது. ஆளுக்கும் சீட்டுக்கும் ஆங்கிலம் ஒரே அடைமொழியைத் தந்தது. தமிழில் ஆளுக்குக் 'கட்டில்லாத' என்றும், சீட்டுக்கு 'இலவசமான' என்றும் பிரித்தே சொல்லவேண்டும். பிரித்துச் சொல்லும்போதுதான் இலவசத்தின் செலவை யார் ஏற்றார், எதற்காக ஏற்றார் என்னும் கேள்வியும் பிறக்கும்.

1941இல் கோல சிலாங்கூருக்குத் தெற்கே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வோடு பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயத்தை நீக்குதல் ஆகியவையும் கேட்கப்பட்டன. 'சுதந்திரத் தொழிலாளர்' என்னும் பெயர் உண்மையாயின், 30 ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் இவற்றைக் கேட்கவேண்டிய தேவை என்ன? மொழிபெயர்ப்பில் தவறிய ஒரு சொல், பின்னே நிகழ்ந்த போராட்டத்தையே பொருளற்றதாக்கிவிடும்.

'இலவச வீடு' என்னும் தொடரும் இவ்வாறே ஆராயத்தக்கது. லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை என்பது மெய். ஆனால் வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும். வட சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் தோட்டங்களின் குடும்பங்கள் வேலை முடிந்தபின் சொந்த வீட்டுக்காக நெடுங்காலம் போராட நேர்ந்தது. இலவசம் என்னும் சொல் கொடையை நினைவூட்டும். 'வாடகையில்லா வேலைவீடு' என்றால் நிலைமை நன்கு விளங்கும். 'விடு' என்னும் வினையிலிருந்து பிறந்த 'வீடு' விடுதலையையும் குறிப்பது. அப்பொருளிலான வீடு லயத்தில் இருந்ததில்லை.

'ஃபிரீ'க்கு நிகரான ஒரு தனிச்சொல் தமிழில் இல்லையே, இது குறையன்றோ என்று கேட்பாரும் உளர். மலாய் மொழியும் விலையின்றிக் கிடைப்பதைப் 'பெர்சுமா' என்றும், தடையற்றதைப் 'பேபாஸ்' என்றும், நாட்டு விடுதலையை 'மெர்டேக்கா' என்றும் வேறுபடுத்தியே சொல்கிறது. அதனை எவரும் மலாய்க்குக் குறையாகச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் 2011க்குப் பின் அரசு வழங்கிய பொருள்களுக்கு 'இலவச' என்பதை விடுத்து 'விலையில்லா' என்னும் அடை வழங்கப்பட்டது. பெறுவோர் மதிப்பைக் கருதித் தமிழ் இன்னும் நுட்பமாகப் பிரிக்கவல்லது என்பதற்கு அதுவே சான்று.

ஆதலின், இவ்வடைமொழியை வகுப்பில் பெயர்க்கும் ஆசிரியர் மாணவர் முன் இரு வினாக்களை வைத்தல் நன்று. எதனின்று நீங்கியது? நீங்கியபின் எஞ்சி நின்ற கட்டு யாது? இவற்றுக்கு விடை கண்டபின் தமிழ்ச்சொல் தானே வந்து அமையும். அச்சொல் தோட்டத்தில் வாழ்ந்தோரின் நிலைக்குப் பொய் சொல்லாததாகவும் இருக்கும்.