புஷ்ஷா, பேரிங்கா: லவ்டேல் ஏற்றத்தில் ஒரு கணக்கு

ரிமோட் காரைப் பெட்டியாக வாங்கிக் கையால் பூட்டி ஓட்டுகிறவர்களிடையே ஒரு வேதவாக்கு உண்டு: "மோட்டாரைத் தொடாதே, பேட்டரியைத் தொடாதே, முதல்ல எல்லா இடத்துலயும் பேரிங் போடு." ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் தன் முதல் ரேடியோ கட்டுப்பாட்டுக் காரான போர்ஷே 934 மாதிரியை 1976இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் தொடக்கநிலைப் பெட்டிகள் பலவற்றில், சக்கரத் தண்டும் கியர் தண்டும் சுழலும் இடங்களில் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் புஷ்களே வருகின்றன. உள்துளை 5 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 11, அகலம் 4. அதே அளவில் பால் பேரிங் கிடைக்கிறது. எதையும் அறுக்க வேண்டாம், துளைக்க வேண்டாம். புஷ்ஷை உருவிவிட்டுப் பேரிங்கைச் செருகினால் வேலை முடிந்தது.

அறிவுரை சரிதான். அதற்குச் சொல்லப்படும் காரணத்தோடுதான் எனக்குச் சண்டை. "கார் பறக்கும்" என்கிறார்கள். சமதளத்தில் ஓட்டுகிறவர்கள் அந்தப் பேச்சை நம்பிக்கொண்டே காலம் தள்ளிவிடலாம். லவ்டேலில் அது நடக்காது, ஏனென்றால் இங்கே சமதளம் என்பதே அபூர்வம். நீலகிரி மலை ரயில் கேத்தி நிலையத்திலிருந்து லவ்டேல் நிலையத்துக்கு வரும் 4 கிலோமீட்டரில் ஏறக்குறைய 100 மீட்டர் ஏறி, 2,192 மீட்டர் உயரத்தை அடைகிறது. அதாவது சராசரியாக 40 அடி ஓடினால் ஓர் அடி ஏற்றம். இருக்கும் வழிகளிலேயே சாதுவான வழி ரயில் பாதைதான். நிலையத்திலிருந்து மேலே பிரியும் சாலைகளும், கேரட் தோட்டங்களுக்கு இறங்கும் தடங்களும் 12 அடிக்கு ஓர் அடி என்று ஏறினால்கூட யாரும் அதை மேடு என்று சொல்வதில்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பேட்டரியோடு சேர்த்துக் கார் ஒன்றரைக் கிலோ. உலர்ந்த பிளாஸ்டிக் புஷ்ஷில் எஃகுத் தண்டு சுழலும்போது உராய்வுக் கெழு 0.2 என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். ஆக, தண்டின் மேற்பரப்பில் 300 கிராம் அளவுக்கு இழுப்பு. ஆனால் தண்டின் ஆரம் இரண்டரை மில்லிமீட்டர். டயரின் ஆரம் 32 மில்லிமீட்டரை ஒட்டி. நெம்புகோல் நம் பக்கம் இருப்பதால் அந்த 300 கிராம் சாலையை அடையும்போது 23 கிராமாகச் சுருங்கிவிடுகிறது. பால் பேரிங்கின் உராய்வுக் கெழு 0.0015 அளவுதான். கிரீஸும் மூடியும் பிடிக்கிற பிடியைச் சேர்த்தாலும் ஓரிரு கிராமுக்கு மேல் போகாது. சக்கரங்களில் பேரிங் போட்டதால் கிடைக்கும் லாபம், ஆக, இருபது கிராம் சொச்சம்.

வழவழப்பான சிமெண்டுத் தரையில் இது பெரிய தொகை. அங்கே காரைத் தடுக்க டயரின் நெளிவைத் தவிர வேறு எதுவும் அதிகமில்லை; அதில் இருபது கிராம் குறைந்தால் கைக்கே தெரியும். ஆனால் 12க்கு 1 ஏற்றத்தில் புவியீர்ப்பு மட்டும் 125 கிராமை இழுக்கிறது. ரயில் பாதையின் சாதுவான ஏற்றத்தில்கூட 37 கிராம். கோடம்பாக்கத்து மொட்டை மாடியில் பேரிங் போட்டு மகிழ்ந்தவர் அதே காரை லவ்டேலுக்குக் கொண்டுவந்தால், மகிழ்ச்சியில் பெரும்பகுதியைச் சாலை தின்றுவிடும். ஏற்றத்தில் கார் திணறுகிறது என்றால் மருந்து பேரிங் அல்ல. மோட்டார் முனையில் இருக்கும் சின்ன கியரான பினியனுக்குப் பதில் பல் குறைந்த ஒன்றை மாட்டுவது. வேகம் கொஞ்சம் போகும், ஏறும் வலு வரும், மோட்டாரும் சூடேறாது. மலையில் ஓட்டும் எந்த லாரிக்காரரும் சொல்லாமலே செய்கிற காரியம்தான்.

அப்படியானால் பேரிங் வீணா? இல்லை. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள்.

முதல் இடம் கியர் பாக்ஸ். நான்கு சக்கரமும் இழுக்கும் தமியாவின் டிடி-02 போன்ற காரில் நடுவே ஓடும் நீளத்தண்டு, சக்கரத்தைப் போல 2.6 மடங்கு வேகத்தில் சுழல்கிறது. அந்தத் தண்டைத் தாங்கும் துளைகளில் காரின் எடை விழுவதில்லை. கியர்கள் ஒன்றையொன்று தள்ளும் விசைதான் விழுகிறது. ஏற்றத்தில் மோட்டார் எவ்வளவு முக்குகிறதோ அவ்வளவுக்கு அந்தத் தள்ளல் கூடும். விசையை வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் இழப்பு. ஆகவே மலையில் பேரிங்கின் பயன் சக்கரத்தைவிட இங்கேதான் அதிகம். காசு பாதிக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் கியர் பாக்ஸுக்குப் போடுங்கள் என்பேன். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றுவது சுலபம், கியர் பாக்ஸைப் பிரிப்பது சிரமம் என்பதைத் தவிர அதற்கு நியாயம் இல்லை.

இரண்டாவது, ஆட்டம். புஷ் தேயத் தேயத் துளை முட்டை வடிவமாகிறது. தண்டு உள்ளே ஆடத் தொடங்கினால் சக்கரம் சாய்கிறது, கியர் பற்களின் இடைவெளி மாறுகிறது, ஒருநாள் பல் உதிர்கிறது. இந்த ஊர்ச் செம்மண்ணின் பொடி இதை விரைவாக்குகிறது. விந்தை என்னவென்றால், பிளாஸ்டிக் மென்மையானது என்பதாலேயே ஆபத்தானது. மண்துகள் அதில் பதிந்து நின்றுகொண்டு, தன்மேல் சுழலும் எஃகுத் தண்டை உப்புத்தாள்போல அராவுகிறது. பிளாஸ்டிக்கோடு எஃகும் சாகும். பேரிங்கில் தண்டும் உள்வளையமும் ஒன்றாகச் சுழல்வதால் தண்டு தேய வழியே இல்லை. தேய்ந்தாலும் தேய்வது கழற்றி எறியக்கூடிய பேரிங்தான்.

இந்திய வாங்குபவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. இறக்குமதிப் பொம்மைகள்மீதான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. வெளிநாட்டுப் பெட்டியின் விலை எட்டாத உயரத்துக்குப் போன பிறகு, இருக்கும் காரை நெடுநாள் உயிரோடு வைத்திருப்பதே கெட்டிக்காரத்தனம். பேரிங்கோ எண் தெரிந்தால் பொம்மைக் கடையிலேயே வாங்கியாக வேண்டிய பொருள் அல்ல. 5-11-4 அளவுக்கு எம்ஆர்115 என்று பெயர். 5-10-4 என்றால் எம்ஆர்105. பம்ப் செட்டும் கிரைண்டரும் பிறக்கும் கோயம்புத்தூர் மலையடிவாரத்துக்குப் பக்கம்தான். 6201, 6203 என்று எண்ணைச் சொல்லியே வியாபாரம் நடக்கும் பேரிங் கடைகளில் இந்தப் பொடிசுகளையும் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லலாம். பந்தய நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பொட்டலத்துக்குத் தனிக் காசு தேவையில்லை.

இனி ஒரு மூடநம்பிக்கை. பேரிங் போட்ட சக்கரத்தைக் காற்றில் தூக்கிப் பிடித்து விரலால் சுண்டிவிடுவார்கள். அது சுற்றிக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டிருப்பவர் வாய் பிளப்பார். இந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. சக்கரத்தின்மேல் எடையே இல்லாதபோது அளக்கப்படுவது கிரீஸின் பிசுபிசுப்பு மட்டுமே. நல்ல கிரீஸ் நிறைந்த புதிய பேரிங் சீக்கிரம் நின்றுவிடும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்த வறண்ட பேரிங் நெடுநேரம் சுற்றும், பிறகு சீக்கிரமே கரகரக்கும். காற்றில் சுற்றுவதைக் காட்டிப் பல மடங்கு விலைக்கு விற்கப்படும் செராமிக் பேரிங்கும் இந்த ரகம்தான். அதன் குண்டுகள் துருப்பிடிக்காது, உண்மை. வளையங்கள் எஃகு, அவை பிடிக்கும். நிஜச் சோதனை வேண்டுமானால் காரைச் சரிவில் ஒரே இடத்திலிருந்து சும்மா உருளவிட்டு, அது சமதளத்தில் எங்கே போய் நிற்கிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். அதற்கான சரிவு இங்கே வீட்டுக்கு வீடு இலவசம்.

புஷ் என்றாலே மட்டம் என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரப் பாதையில் ஏறும் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களின் முன்னோடிகளைச் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தார்கள். அந்த மாதிரி இன்ஜின்களின் இணைப்புத் தண்டுகள் குண்டில் சுழல்வதில்லை, எண்ணெய்ப் படலத்தில் சறுக்குகின்றன. அதனால்தான் எண்ணெய்க் குப்பி எப்போதும் ஊழியர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தேயிலைத் தோட்டத்து ஜீப்பின் கிராங்க் ஷாஃப்ட்கூட வழவழப்பான உலோக ஷெல்களுக்கு நடுவே எண்ணெய் அழுத்தத்தில்தான் சுழல்கிறது. இரண்டு உலோகங்களுக்கும் நடுவே எண்ணெய் இருக்கும்வரை புஷ் அற்புதமான ஏற்பாடு. பொம்மைக் காரின் குற்றம் அதில் புஷ் இருப்பது அல்ல. அந்தப் புஷ் வறண்டு கிடப்பது. எண்ணெயை ஊறவைத்துச் செய்த வெண்கலப் புஷ் இந்தக் குற்றத்தைப் பாதி தீர்த்துவிடுகிறது, விலையும் குறைவு. சிறுவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் காரில் வெண்கலப் புஷ்ஷும் எப்போதாவது ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெயும் போதும் என்பது என் கட்சி. ஊட்டி சேரிங்கிராஸ் கடைகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் மலிவுக் கார்களுக்கோ இந்த விவாதமே பொருந்தாது. அவற்றில் ஆணி நேரே பிளாஸ்டிக்கில் சுழலும். புஷ்ஷை எடுத்துவிட்டுப் பேரிங் வைக்க, அங்கே புஷ்ஷே இல்லை.

பேரிங்கின் மெய்யான பலவீனம் தண்ணீர். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, நடுவில் மழையே இல்லாத நாளிலும் புல்லை நனைத்துவிடும் மூடுபனி. பிளாஸ்டிக் புஷ்ஷுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சாதாரண எஃகுப் பேரிங் நனைந்த காரோடு ஓர் இரவு அலமாரியில் கிடந்தால் போதும், காலையில் கரகரப்பு கேட்கும். தரைக்கு மிக அருகில் இருக்கும் சக்கரப் பேரிங்தான் முதலில் போகும். வெறும் உலோகத் தகடு மூடியது மண்ணைத் தடுக்கும், நீரைத் தடுக்காது. இருபுறமும் ரப்பர் மூடியிட்ட 2ஆர்எஸ் வகை நீரையும் ஓரளவு தடுக்கும். அந்த ரப்பர் உரசுவதால் நாம் மேலே கணக்குப் போட்ட லாபத்தில் கொஞ்சம் திரும்பிப் போகும். போகட்டும். ஏற்றத்தில் அந்த ஓரிரு கிராமை யாரும் உணரப்போவதில்லை என்று அதே கணக்குதான் சொன்னது.

குளிரும் தன் பங்குக்குச் சேர்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் கெட்டியான கிரீஸ் இறுகி, சில நிமிடம் ஓடிய பிறகே இளகும். அது தானே தீரும் தொல்லை.

ஆக, பேரிங் போடுவது ஒரு பேரம். கவனிப்பே கேட்காத காரைக் கொடுத்துவிட்டு, கவனித்தால் பல ஆண்டு உழைக்கும் காரை வாங்கிக்கொள்கிறோம். ஓடிவந்த காரைத் துடைத்து, சக்கரம் கழற்றி, ஈரம் போக்கி, ஒரு துளி எண்ணெய் விடுகிறவருக்கு இது லாபமான பேரம். வீட்டுக்கு வந்ததும் காரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறவருக்கு நஷ்டம். பேரிங்கை மாற்றிக்கொண்டே இருப்பார். இந்த இரண்டாவது கட்சியை "முதல்ல பேரிங் போடு" என்ற அறிவுரை கண்டுகொள்வதே இல்லை.

எல்லா இடத்திலும் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஸ்டீயரிங் தண்டுகள் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. இடமும் வலமும் சில பாகை அசைந்து திரும்புகின்றன. அங்கே பேரிங் வைத்தால் குண்டுகள் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்ந்து, வளையத்தில் குழி விழச் செய்யும். மேட்டிலிருந்து குதிக்கும் காரில் அந்தக் குழி இன்னும் சீக்கிரம் விழும், ஏனென்றால் குண்டு வளையத்தைத் தொடுவது ஊசிமுனை அளவு இடத்தில். வெண்கலப் புஷ்ஷோ அதே அடியை முழுப் பரப்பில் வாங்கிக்கொள்ளும். எனவே கியர் பாக்ஸுக்குத் தகடு மூடியது, சக்கரங்களுக்கு ரப்பர் மூடியது, ஸ்டீயரிங்குக்கு வெண்கலம்.

எல்லாவற்றையும் மாற்றி முடித்தவர்களும் மறந்துபோகும் ஓர் இடம் உண்டு. பெட்டியோடு வரும் 540 வகை மோட்டாரின் தண்டு நிமிடத்துக்கு 15,000 சுற்றை ஒட்டி, காரிலேயே அதிவேகமாகச் சுழல்கிறது. அது சுழல்வது இரண்டு வெண்கலப் புஷ்களில். மூடி வைத்த அந்த மோட்டாரில் கார்பன் பிரஷ்ஷை மாற்ற முடியாது; பிரஷ் தேய்ந்தால் மோட்டாரையே எறிய வேண்டியதுதான். புஷ்கள் அதுவரை தாங்கிவிடும். தண்டு வெளியே வரும் இடத்தில் எப்போதாவது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். அது உள்ளே வழிந்து பிரஷ்ஷைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.