கணக்குக் காட்டினால்தான் சாவி

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிப்பவருக்கு எத்தனை பாஸ்வேர்ட் தேவை? தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவுக்கு ஒன்று, இ-சேவைக்கு ஒன்று, பத்திரப்பதிவுத் துறைத் தளத்துக்கு ஒன்று, அப்புறம் வங்கி, பிஎஃப், ஜிமெயில். பாதி வேலை ஃபோனில், மீதி பிரவுசிங் சென்டரில். கடைசியில் எல்லாவற்றுக்கும் பெயரோடு 123 சேர்த்த ஒரே பாஸ்வேர்ட்தான் மிஞ்சுகிறது. அதுவும் மறந்தால் கடைக்காரரின் நோட்டுப் புத்தகம் இருக்கவே இருக்கிறது.

இதற்குத்தான் பாஸ்வேர்ட் மேனேஜர். ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மற்றவற்றை அது பூட்டி வைத்துக்கொள்ளும்.

பலரிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: ஆண்ட்ராய்டு ஃபோனோடு வரும் கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர். செலவில்லை, அமைக்கும் வேலையும் இல்லை. ஆபத்து கடைக் கணினியில்தான். அவசரத்தில் அங்கே குரோமில் தன் கணக்கைத் திறந்து, சிங்க் செய்யச் சம்மதித்துவிட்டு, வெளியேறாமல் எழுந்து வந்தால், அடுத்து உட்காருபவர் கைக்கு மொத்தப் பட்டியலும் போய்விடலாம்.

2016-இல் வெளிவந்த பிட்வார்டன் இந்த ஊர்த் தேவைக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. இலவசத் திட்டத்திலேயே எத்தனை பாஸ்வேர்டையும் எத்தனை கருவியிலும் வைத்துக்கொள்ளலாம். போட்டி மேனேஜரான லாஸ்ட்பாஸோ 2021 மார்ச்சில் இலவசப் பயனாளர்களை, ஃபோனா கணினியா, ஏதாவது ஒரு வகையைத் தேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டது. ஃபோனில் சிக்னல் போனாலும் பிட்வார்டன் பெட்டகம் திறக்கும், சேமித்ததைப் பார்க்கலாம். போலித் தளத்துக்குப் போனால் முகவரி பொருந்தாததால் தானாக நிரப்பாது. ஓடிபி திருடர்கள் காலத்தில் இதுவே பெரிய உதவி.

குறையும் உண்டு. அது அடிப்படை முகவரியை மட்டுமே பார்ப்பதால், 'டிஎன் டாட் கவ் டாட் இன்' என்று முடியும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இ-சேவை கணக்கையும் சேர்த்து நீட்டும். அந்தப் பதிவின் பொருத்த முறையை 'ஹோஸ்ட்' என்று மாற்றினால் சரியாகிவிடும். இன்னொரு சிக்கல்: வங்கிகளை 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறச் சொன்னது ரிசர்வ் வங்கி. பழைய முகவரியில் சேமித்தது அங்கே வராது. புது முகவரியைக் கையால் சேர்க்க வேண்டும். இது பலருக்கு 'ஆப் கெட்டுப்போச்சு' என்று தோன்றும்.

எல்லாம் சரி, மொத்தச் சாவியையும் எவரிடம் கொடுப்பது? இதற்கு அளவுகோல் உத்திரமேரூர்ச் சுவரிலேயே இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைத் தேர்தலை விவரிக்கின்றன. குடத்திலிருந்து எடுத்த பெயர் ஓலையை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவர் உறவினருக்கும் அதே தடை.

லாஸ்ட்பாஸ் அந்தச் சோதனையில் தேறாது. 2022 ஆகஸ்டில் ஊடுருவலை அறிவித்தபோது, வாடிக்கையாளர் தகவல் போனதற்குத் தடயமில்லை என்றது. நவம்பரில் கொஞ்சம் போனது என்றது. டிசம்பர் 22-இல்தான் பெட்டகங்களின் நகல்களே திருடு போனது தெரிந்தது. பாஸ்வேர்டுகள் மறையாக்கத்தில் இருந்தன. தள முகவரிகளோ அப்படியே படிக்கும்படி கிடந்தன. யாருக்கு எந்த வங்கியில் கணக்கு என்று திருடன் அறிய அது போதாதா? ஊழியர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக நுழைந்தார்கள் என்ற விவரம் 2023-இல்தான் வெளிவந்தது.

பிட்வார்டனின் நிரலோ அந்த விரித்த உள்ளங்கை போலத் திறந்த மூலம், யாரும் பார்க்கலாம். வெளியாட்கள் செய்த தணிக்கை அறிக்கைகளும் பொதுவில் இருக்கின்றன. கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஜோஹோவின் பாஸ்வேர்ட் மேனேஜரான 'வால்ட்'டும் தனிநபருக்கு இலவசம்தான். ஆனால் ஜோஹோ கணக்குக்கு ஒரு பாஸ்வேர்ட், வால்ட்டுக்குத் தனி மாஸ்டர் என்று இரண்டைச் சுமக்க வேண்டும். அதன் நிரலை வெளியார் பார்க்க வழியில்லை. பல பேர் சேர்ந்து நடத்தும் அலுவலகத்துக்கு அது ஒத்துவரலாம், வீட்டுக்குப் பிட்வார்டனே மேல்.

ஒரு பொறி மட்டும் கவனிக்க வேண்டியது. இரண்டடுக்குச் சோதனை போடாத கணக்கில் புதுக் கருவியிலிருந்து நுழைந்தால், 2025 முதல் பிட்வார்டன் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்புகிறது. ஃபோன் தொலைந்து, ஜிமெயில் பாஸ்வேர்டும் அந்தப் பெட்டகத்துக்குள்ளேயே இருந்தால்? உள்ளே போகக் குறியீடு வேண்டும், குறியீட்டைப் பார்க்க உள்ளே போக வேண்டும். மாஸ்டர் மறந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. ஆகவே ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களில் மாஸ்டர் அமைத்து, இரண்டடுக்குச் சோதனையும் போட்டு, மாஸ்டர், மீட்புக் குறியீடு, ஜிமெயில் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைப்பது நல்லது.

பிரவுசிங் சென்டரில் மட்டும் பெட்டகத்தைத் திறக்கவே வேண்டாம். ஃபோனில் பார்த்துக் கையால் அடித்தால் போதும். அங்கே தேவைப்படும் தளங்களுக்குக் குறிகள் நிறைந்த பாஸ்வேர்டுக்குப் பதில் சொற்களைக் கோத்த ஒன்றை வைத்தால், பின்னால் வரிசை நிற்கும்போது விரல் தடுமாறாது.