'முறிந்த பனை': தீர்ப்பில்லாக் கொலைகளின் பதிவு

துலங்காத தொடர்கொலைகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் 'கொன்றவன் யார்?' என்ற ஒரு வினாவைச் சுற்றியே அமைவன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் ஆங்கிலத்தில் எழுதி 1990இல் வெளிவந்து, பின்னர் தமிழாக்கப்பட்ட 'முறிந்த பனை' அவற்றினின்றும் வேறுபட்டது. இலங்கைப் படை, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய முத்திறத்தாரும் புரிந்த கொலைகளை அது ஒரே அளவுகோலால் அளக்கின்றது.

1987 ஒக்டோபர் 21, 22ஆம் நாள்களில் யாழ்ப்பாண ஆசுப்பத்திரியில் நோயாளரும் மருத்துவரும் ஊழியரும் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டனர். கொன்றவர் யாரென்பது மறைபொருளன்று. எனினும் எவரும் தண்டிக்கப்படவில்லை. இத்தகைய கொலைகளைத் தொகுத்து நோக்கும்போது, 'சமூகம் ஏன் வாளாவிருந்தது?' என்பதே நூலின் மைய வினாவாகின்றது. அரசியல் ஆய்வுப் பகுதிகளைக் காட்டிலும், பெண்களின் அனுபவங்களைக் கூறும் பகுதியிலேயே இவ்வினா கூர்மை பெறுகின்றது.

சாட்சியர் பலர் பெயரின்றி வருகின்றனர். வாசகர் ஆசிரியரின் நேர்மையையே நம்பவேண்டியிருப்பதால் இதனைக் குறையெனக் கொள்வாரும் உளர். ஆயின், நால்வருள் ஒருவரான உடற்கூற்றியல் துறைத்தலைவர் ரஜனி திராணகம, நூல் வெளிவருமுன்னரே, 1989 செப்டெம்பர் 21இல் பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்கும் எந்த நீதிமன்றும் தீர்ப்பு வழங்கவில்லை. பெயரைச் சொன்னவர்க்கு நேர்ந்தது அதுவாயின், பெயரை மறைத்தமை குறையாகாது. அதுவும் அக்காலத்தின் சாட்சியமே எனலாம்.