மரத்தில் வடித்த தெய்வங்கள்: வாகனச் சிற்பமும் வண்ணப்பூச்சும்

கல்லுக்கும் செம்புக்கும் கிடைத்த புகழ் மரத்துக்குக் கிடைத்திலது. கலைப்புலவர் ஆனந்த குமாரசுவாமி கொழும்பு நூதனசாலையின் செப்புத் திருமேனிகளை ஆராய்ந்து 1914இல் நூலாக வெளியிட்ட பின்னர், பொலன்னறுவைச் சிவாலயங்களிற் கிடைத்த நடராசரையும் நாயன்மாரையும் மேனாட்டாரும் போற்றுவாராயினர். கொட்டாஞ்சேனையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலின் தூண்களைக் கண்டு வியவாதாரும் இலர். ஆனால் வாகனசாலையின் இருளில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்து, திருவிழா நாட்களில் மட்டும் அடியார் தோள்மீதேறி வெளிவரும் இடபத்தையும் குதிரையையும் மயிலையும் கலைப்பொருள் என எண்ணி ஒரு பக்கமேனும் எழுதியவர் மிகச் சிலரே.

இப்புறக்கணிப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. மரம் கறையானுக்கும் நெருப்புக்கும் உணவாவது. திருவாரூர் ஆழித்தேரே 1920களில் தீக்கிரையாகிப் பின்னர்ப் புதிதாகச் செய்யப்பட்டதன்றோ? பழைய மரச்சிற்பம் எஞ்சி நில்லாமையின், வரலாறு எழுதுவோர் கல்லிலிருந்தே தொடங்குகின்றனர். ஆயினும் மாமல்லபுரத்து ஒற்றைக்கல் இரதங்களை உற்று நோக்குவார்க்கு, உத்தரமும் கொடுங்கையும் மரவேலையின் சாயலைக் கல்லிற் காட்டி நிற்பது எளிதில் விளங்கும். கல்தச்சன் மரத்தச்சனிடம் கற்றவன் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பிற்காலத்தார் மாணவனைப் போற்றி ஆசிரியனை மறந்தனர்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. மரச்சிற்பம் எவ்விடத்தில், எவ்வொளியில், எந்நிலையில் காணப்படுதற்கென்று செய்யப்பட்டதோ அதனை விடுத்து, வேறிடத்தில் வைத்தே அது மதிப்பிடப்படுகின்றது. சுவரோரம் நிறுத்திப் பகலொளியிற் பார்ப்பவன் கண்ணுக்கு வாகனக் குதிரையின் விழி மிகப் பெரிது; கழுத்து மிக நீண்டது; நாசி மிக விரிந்தது. 'இஃது அளவறியாத நாட்டுப்புறக் கைவேலை' என்று அவன் முடிவு கட்டுகின்றான். அம்முடிவு எத்துணைப் பிழையானது என்பதை ஆராய்தல் வேண்டும்.

முதற்கண், மரம் தாழ்ந்த பொருள் என்ற எண்ணம் நூல்வழக்குக்கு மாறானது. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகற்சங்கிதையில், திருவுருவம் செய்தற்குரிய மரத்தைத் தேடிக் காட்டுக்குட் புகுதலைப் பற்றித் தனி அத்தியாயமே வகுத்துள்ளார். சுடுகாட்டிலும் வழியோரத்திலும் புற்றின்மீதும் வளர்ந்த மரம் ஆகாது. இடி விழுந்ததும், காற்றிற் சாய்ந்ததும், யானை முறித்ததும், தீயாற் கருகியதும் ஆகா. வெட்டுமுன் அம்மரத்தில் உறையும் உயிர்களை வேற்றிடம் செல்லுமாறு வேண்டிக்கொள்ளல் வேண்டும். இன்னும் நுட்பமான விதி ஒன்று அங்கே உளது. மரம் நின்ற திசைகளையும், அதன் மேல் கீழ்ப் பகுதிகளையும் அடையாளம் இட்டுக்கொண்டு, மரம் நின்றவாறே உருவமும் நிற்கச் செய்தல் வேண்டும் என்பது அவ்விதி. இவற்றை வெறுஞ் சடங்கு எனத் தள்ளுவோர் உளர். காற்றிற் சாய்ந்த மரத்தினுள்ளும் கருகிய மரத்தினுள்ளும் புறத்தே தோன்றாத வெடிப்பு மறைந்திருக்கும் என்பதை உளிபிடித்த எந்தத் தச்சனும் அறிவான். சடங்கின் போர்வையுள் தொழிலறிவு அடங்கிக் கிடத்தல் இந்நாட்டு மரபில் புதுமையன்று.

வைணவ மரபில் மரத் திருமேனியே வழிபாட்டின் நடுவிடம் பெற்றதும் உண்டு. காஞ்சிபுரம் வரதராசப்பெருமாள் கோயிலின் அத்திமரத் திருமேனி திருக்குளத்து நீருள் வைக்கப்பெற்று, நாற்பதாண்டுக்கு ஒருமுறையே வெளிக்கொணரப்படுகின்றது. 1979க்குப் பின் 2019இல் நாற்பத்தெட்டு நாட்கள் காட்சி தந்தது. நீருள் முழுதும் அமிழ்ந்த மரம், வெயிலும் ஈரமும் மாறிமாறித் தாக்கும் மரத்தினும் நெடுநாள் நிற்கும் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பூரி சகந்நாதத்திலோ இதற்கு நேர்மாறான வழி. அங்கே வேப்பமரத்தாலாய மூர்த்திகள் குறித்த ஆண்டுகளிற் புதியனவாகச் செய்யப்பெற, பழையவை மண்ணில் அடக்கம் செய்யப்பெறும். அண்மையில் அவ்வாறு நிகழ்ந்தது 2015இல். ஓரிடத்தில் மரம் காக்கப்படுகின்றது. மற்றோரிடத்தில் மரம் போகத் தொழில் காக்கப்படுகின்றது. ஈழத்துச் சைவக் கோயில்கள் பின்பற்றத்தக்கது இரண்டாவது வழியே என்பது பின்னர்ப் புலப்படும்.

சைவ ஆலயத்தில் மூலவர் கல். எழுந்தருளி வருவது செம்பு. அச்செம்பைத் தாங்கி வருவது மரம். தேரும் மஞ்சமும் வாகனமும் மரத்துக்குரியன. இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்தைக் கண்டார், ஒரு மரவேலை எத்துணை உருவங்களைத் தன் அடுக்குகளில் தாங்க வல்லது என்பதை அறிவர்.

மரத்தின் இயல்பு வேறு, செம்பின் இயல்பு வேறு என்பதற்கு நடராச வடிவத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. உருக்கி வார்க்கும் செம்பில், வீசிய இடக்கரமும் எடுத்த திருவடியும் வெளியில் மிதப்பனபோல் நிற்கும். மரத்துக்கோ நாரோட்டம் உண்டு. நாரோட்டத்தின் வழியே நிற்கும் உறுப்பு வலியது. அதற்குக் குறுக்கே நீண்ட உறுப்பு சிறு தாக்குதலிலும் முறிந்துவிடும். ஆதலின் தேர்ப்பலகையில் ஆடவல்லானைச் செதுக்கிய தச்சன், வீசிய கரத்தை உடலோடும் பின்பலகையோடும் ஒட்டவைத்தான். திருவடியின் கீழே முயலகனையோ கொடியையோ உயர்த்தித் தாங்கல் கொடுத்தான். சடையைப் பக்கங்களில் விரியவிடாது மேலே சுருட்டினான். இவற்றால் அவ்வுருவத்துக்கு ஒரு செறிவு வந்து சேர்ந்தது. செம்பின் ஆட்டம் வெளியை நோக்கி விரிவது; மரத்தின் ஆட்டம் பலகைக்குள் அடங்கிக் குமுறுவது. பின்னதை முன்னதன் குறைபட்ட நகல் எனக் கொள்வது, ஆசிரியப்பாவை வெண்பாவின் இலக்கணங்கொண்டு அளப்பது போலாம்.

இனி வாகனத்துக்கு வருவோம். ஈழத்தவர்க்கு மிக நெருக்கமானது கைலாச வாகனம். மேலே அம்மையப்பர் வீற்றிருக்க, கீழே இலங்கை வேந்தன் மலையைத் தாங்கி வீணை இசைக்கும் காட்சியை அது காட்டும். தச்சனுக்கு இதனுட் கிடக்கும் இடர்கள் பல. ஒரு கழுத்தின்மேற் பத்துத் தலைகள் அமைதல் வேண்டும். அவற்றை ஒரே கட்டையிற் குடைந்தால் பக்கத்துத் தலைகள் நாரோட்டத்துக்குக் குறுக்காய் வெடிக்கும். ஆதலின் நடுமுகத்தை வைரம் பாய்ந்த கட்டையில் உடலோடு ஒன்றாகச் செதுக்கி, ஏனையவற்றைத் தனித்தனியே செய்து கழுந்தும் துளையுமாய்ப் பொருத்துதல் தக்க முறை. அதனினும் பெரிய இடர் நடுமுகத்திலேயே உளது. திருவிரலின் அழுத்தத்தால் நொந்தவனும் இராவணனே. அந்நோவினிடையே இறைவனைப் பாடியவனும் இராவணனே. வலியை மட்டும் காட்டினால் அரக்கன் மட்டுமே தோன்றுவான். பத்தியை மட்டும் காட்டினால் மலையின் பாரம் பொய்யாகும். நல்ல தச்சன் இதனை வாயாலும் விழியாலும் பகுத்துக் காட்டுகின்றான். வாயின் கடைகள் கீழ்நோக்கி இறுகிப் பற்கள் தோன்றும். விழிகளோ மேல்நோக்கிய பார்வையினவாய், கீழிமையின் அடியில் ஆழ்ந்ததொரு வெட்டுப் பெறும். அவ்வெட்டிலேதான் முகத்தின் பொருள் முழுதும் தங்கியிருக்கின்றது. அதன் ஆழம் ஒரு நெல்லளவு குறைந்தாலும் பார்வை நேர்நோக்காகிவிடும். பாடுவோன் வெறுமனே விழித்துப் பார்ப்போனாகிவிடுவான்.

இவ்வாகனம் எழுந்தருளுவது இரவில். தண்டைத் தாங்குவோர் நடைக்கேற்ப அது அசையும். வீதியில் நிற்போன் அதனைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கின்றான். முற்காலத்தில் இருமருங்கும் தீவட்டி பிடித்தனர். அவ்வொளி நிலையாக நில்லாது அலைவது. வெட்டின் ஆழத்தில் நிழலைப் பெருக்கியும் சுருக்கியும் காட்டுவது. விழியைப் பெரிதாக்கியதும், நாசியை விரித்ததும், புருவத்தை நெற்றியினின்று துருத்தி நிற்கச் செய்ததும் இவ்வொளியையும் இவ்வசைவையும் எண்ணியே. பகலிற் பிழையாகத் தோன்றும் அளவு இரவிற் சரியாகின்றது. பஞ்சதாலம், நவதாலம், தசதாலம் எனச் சிற்பநூல் கூறும் உறுப்பளவுகள் தெய்வ வடிவங்களுக்கு உரியன. அவற்றை வாகனத்தின் விலங்குருவிலும் அரக்கவுருவிலும் அப்படியே தேடுதல் பொருந்தாது.

வண்ணப்பூச்சைப் பற்றிய வழக்கு இவ்விடத்திலேதான் எழுகின்றது. திருவிழாத்தோறும் எனாமல் தீந்தையை மேலுக்கு மேலாகப் பூசுவது பல கோயில்களில் வழக்கமாகிவிட்டது. பூசுவோர் கூறும் நியாயம் புறந்தள்ளத்தக்கதன்று. வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் உப்பேறிய கடற்காற்று இரும்பையே தின்னும்போது, மரத்துக்குக் காப்பு வேண்டாவா என்பர். காப்பு வேண்டும். ஆனால் பழைய பூச்சை நீக்காது புதியதைப் பூசப் பூச, இமைக்கீழ் வெட்டும் உதட்டுக் கோடும் இறகின் வரியும் சிறிது சிறிதாக நிரம்பி மூடப்படுகின்றன. தீந்தையின் பளபளப்போ மின்குமிழ்களின் ஒளியை எத்திசையிலிருந்தும் திருப்பி எறிகின்றது, நிழலுக்கு இடமேயில்லை. காலிவீதியின் வெளிச்சத்தில் அத்தகைய வாகனம் வருங்கால் நிறங்களே தெரிகின்றன. மூடப்பட்ட வெட்டை ஈடுசெய்யத் தீட்டுவோன் கறுப்புக் கோட்டால் விழி வரைகின்றான். செதுக்கிய விழி ஓரிடத்தில் இருக்க, எழுதிய விழி அதற்குச் சற்றே மேலோ கீழோ அமைந்த வாகனங்களையும் காணலாம்.

இதனைக் கண்டு மனம் நொந்த கற்றோர் சிலர், வண்ணமே வேண்டா, மரத்தின் இயற்கை நிறமே அழகு என்கின்றனர். கண்டிக்கருகே எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களை அவர்கள் சான்றுகாட்டுவர். கதிர்காமத் தெய்வத்துக்குரிய அத்தேவாலயத்தின் அன்னப்பின்னலும் இருதலைப்புள்ளும் மல்லர் கோலமும் ஒப்பற்றன என்பது மெய்யே. ஆயின் அவை நிலைத்து நிற்கும் மண்டபத்துத் தூண்கள். நெருங்கி நின்று பகலிற் பார்க்கத்தக்கன. இரவிற் பவனி வரும் வாகனத்துக்கு அவற்றின் நெறியை விதிப்பது பொருந்துமா? வண்ணமில்லா மரம் இருளில் இருளாகவே போகும். பூரியின் வேப்பமர மூர்த்திகளும் வண்ணம் தீட்டப்பெற்றனவே. வண்ணம் மரபுக்குப் புறம்பானதன்று. வெட்டை மூடும் தடிப்பும் நிழலைக் கொல்லும் பளபளப்புமே புறம்பானவை. பசையில் மெல்லிதாகக் குழைத்துத் தீட்டிய பழைய நிறம் வெட்டின் உள்ளே இறங்கி அதனை எடுத்துக் காட்டியது.

வண்ணமில்லா மரத்தின்மேற் கொண்ட இக்காதலுக்கு வரவேற்பறைச் சுவையும் ஒரு காரணமாகும். கொழும்பு வீடுகளின் முன்னறைகளில் மெருகிட்ட மரப்பிள்ளையாரும் கண்ணனும் இடம்பெற்றுள்ளனர். அவற்றுட் பல தமிழ்நாட்டிலிருந்து வருவன. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில், ஒரே கட்டையிலிருந்து உருவத்தை வெளிக்கொணரும் அத்தொழிலாளர் திறமை போற்றத்தக்கதே. ஆயினும் வாங்குவோர் விரும்புவதால் அவர்கள் செப்பு நடராசரை மரத்தில் வடிக்க நேரும்போது, தழல்வட்டம் நூலாய் மெலிந்து, போக்குவரத்தில் முறிந்து, பசையால் ஒட்டப்படும் நிலையை அடைகின்றது. குற்றம் உளியினுடையதன்று, மரத்தினிடம் செம்பின் வேலையைக் கேட்பவருடையது. பழந்தேரினின்று பெயர்த்த பலகையைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் வழக்கத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. தேரின் கீழ்வரிசையில் நின்ற உருவம் கண்ணளவில் தொங்கும்போது அதன் குனிந்த பார்வை எவரையும் நோக்காது.

வடபுலத்துக் கோயில்கள் பல போர்க்காலத்தில் அழிந்தன. கீரிமலை நகுலேச்சரம் 1990இல் குண்டுவீச்சிற் சிதைந்தது. 2009க்குப் பின் கோயில்கள் மீளவெழுந்தபோது விரைவே பெரிதாயிற்று. கண்ணாடியிழை வார்ப்பும், கணினியால் இயங்கும் செதுக்கு பொறியும் அவ்விரைவுக்குத் துணையாய் வந்தன. பொறி ஒரே ஆழத்திற் செதுக்கும் என்பது அதன்மேல் எளிதிற் சாற்றப்படும் குற்றம். எவ்வாழத்திலும் செதுக்குமாறு அதனை அமைத்தல் கூடும். அதனால் ஆகாதது வேறு. கட்டையில் எதிர்பாராது ஒரு முடிச்சுத் தோன்றினால், அதனைக் கன்னத்தின் புடைப்பாக்குவதா, ஆரத்தின் மணியாக்குவதா என அந்நொடியில் துணியும் கை பொறிக்கு இல்லை. அக்கை தந்தையிடமிருந்து மகனுக்கும், ஆசிரியனிடமிருந்து பயில்வோனுக்கும் வந்தது. அக்குடும்பங்களிற் சில கடல் கடந்துவிட்டன; எஞ்சியோரின் மக்கள் வேறு தொழிலை நாடுகின்றனர்.

கோயில் அறங்காவலர் பழுதுற்ற வாகனத்தைக் காணுங்கால் அவர்முன் இரண்டு வழிகளே இருப்பதாக எண்ணுகின்றனர்: மீண்டும் தீந்தை பூசுதல், அல்லது வார்ப்பில் ஒன்று வாங்குதல். மூன்றாவது வழி பூரியார் கையாண்டது. இற்றுப்போன மரத்தை விடுத்து, அதன் அளவையும் அமைப்பையும் பார்த்துப் பயில்வோன் ஒருவனும் உடனிருக்கப் புதியதைச் செதுக்குவிப்பது அது. செலவு கூடும்; காலமும் நீளும். இற்றுப்போகாத வாகனத்துக்கு அதுவும் வேண்டா. தீட்டுவோனை அழைக்குமுன் தச்சனை அழைத்து, இராவணன் இமையின் கீழ்க்கோடு தெரியும்வரை பழைய பூச்சை நீக்குவித்தால் போதும். வாகனம் ஒன்றுக்கு அது சில நாள் வேலை. அக்கோடு எங்கே கிடந்தது என்று அறிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கின்றனர்.