திருப்பூவல்லியும் கூறியது கூறலும்

கூறியது கூறலை நன்னூலார் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்தார். அதுகொண்டு, பாட்டுத்தோறும் ஈற்றிற் பூக்கொய்ய அழைக்கும் மணிவாசகர் திருப்பூவல்லியை ஐயுறுவாருமுளர். ஸ்ரீவில்லிபுத்தூரிற் பிறந்த திருப்பாவை 30 பாட்டும் ஓரீற்றான் முடிதலைப் போற்றுவோர் இதனை ஐயுறுதல் வியப்பே. அவர் அவ்வூர் நந்தவனத்திலோ, இராசபாளையத்தை அடுத்த பருத்திக்காடுகளிலோ மகளிர் கைத்தொழிலை நோக்குவாராக. தோட்டம் முழுவதையும் ஒரு பிடியிற் பறித்தார் எவருமிலர். ஒரு பூ, மீட்டும் ஒரு பூ. ஈற்றுத்தொடர் அக்கையின் மீட்சியேயாம்.

முதற் கொச்சகத்தின் எதுகைச் சொற்கள் நான்கு: இணை, துணை, அணை, புணை. இணையடி தலைமேற் பட்டவுடனே துணையென்றிருந்த சுற்றம் கழிகின்றது. தில்லைப்புனலின் அணை இடைநிற்க, ஈற்றடியில் இறைவனே புணையாகின்றான். ஓசை மாறவில்லை, பற்றுக்கோடு மாறிற்று. புணையொடு பூ மோனையாய் இயைதலின், ஈற்றுத்தொடர் பின்னர் ஒட்டவைத்ததன்று. எல்லாப் பாட்டினும் எதுகை இத்துணைப் பொருட்செறிவுடைத்தென்றல் மிகை. சிலவற்றில் அஃது ஓசையளவே.

இப்பகுதிக்கு ‘மாயாவிசயம் நீக்குதல்’ என முன்னோர் கருத்துரைத்தனர். காம்பினின்று பூ நீங்குமாறு உயிர் பற்றினின்று நீங்குதலே கொய்தலெனின், ஒருமுறை சொல்லி அமையுமோ? சிவஞானபோதம் ஒன்பதாஞ் சூத்திரம் திருவைந்தெழுத்தை விதிப்படி எண்ணப் பணித்ததும், வாசனாமலம் மீண்டுவந்து தாக்குதல் பற்றியேயன்றோ!