மட்டமும் பிடிப்பும்: உப்புக்காற்றில் மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கார்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே பேசுகின்றனர். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயிலேயே ஓடிய அந்த எஞ்சின்களுக்குக் கிடைத்த புகழ் நியாயமானதே. எனினும் அக்கார்களை ஓடவைத்த கைத்திறனைவிட, நிற்கவைத்த கைத்திறனும் சரியாமல் மட்டமாக இருக்கவைத்த கைத்திறனும் நுண்மையானவை. அவை பேசப்படாமைக்குக் காரணம், அவற்றின் களம் காரின் அடிவயிற்றில், கண்ணுக்கு மறைவாக இருப்பதே.

1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் இத்திறனை அளந்தறிவதற்கு ஏற்ற கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்காரின் நான்கு சில்லுகளிலும் நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிறேக் உண்டு. மிதியை அழுத்தும்போது மாஸ்ரர் சிலிண்டர் எனப்படும் தலைமை உருளைக்குள் உந்துதண்டு முன்னே சென்று திரவத்தைத் தள்ள, அவ்வழுத்தம் மெல்லிய குழாய்களின் வழியே சில்லுகளிலுள்ள சிற்றுருளைகளுக்குப் போய் பிறேக் கட்டைகளை விரிக்கிறது. திரவத்தைக் கசியவிடாமல் தடுப்பது, ‘கப்’ எனப்படும் கிண்ண வடிவ றப்பர். அதன் விளிம்பு ஒரு நூலளவு தேய்ந்தாலும் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்துவிடும்.

குடாநாட்டின் தொண்டைமானாறு போன்ற ஊரில் இந்த விளிம்பைக் காப்பது எளிதன்று. வடக்கே கடல், தெற்கே நீரேரி. உவர்நீர் உட்புகாதிருக்க நீரேரியின் முகத்தில் தடுப்பணை கட்டிய ஊரில், காற்றோடு வரும் உப்பை மறிக்க எந்த அணையும் இல்லை. கிளைக்கோல் சார்ந்த பிறேக் ஒயிலோ காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு நீர் சேர்ந்தபின் அவ்வரம்பு 155 பாகையாகத் தாழ்கிறது. அதைவிடக் கொடியது, அந்த ஈரம் உருளையின் உட்சுவரில் உண்டாக்கும் துருக்குழிகள். குழி விழுந்த சுவரில் புதிய கப் பூட்டுவது வீண்வேலை. குழியின் கூர்விளிம்பு சில வாரங்களில் அதையும் அரிந்துவிடும். எனவே இத்தொழிலின் முதல் விதி, பழுதுவரக் காத்திராமல் ஒயிலைக் காலந்தோறும் மாற்றிவிடுவது.

மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழே, அடிச்சட்டத்துக்குள் ஒளிந்திருப்பதால், ஒயில் ஊற்றுவதற்குக் கால்விரிப்பைத் தூக்கி மூடியைத் திறக்க வேண்டும். தேர்ந்த மெக்கானிக்கை இங்கேயே இனங்காணலாம். மூடியைத் தொடுமுன் சுற்றிலும் படிந்த கடல்மணலைத் தூரிகையால் கூட்டி, துணியால் துடைத்து, அதன்பின்னரே அவர் திருகுவார். உள்ளே மிதி விடுபடும்போது திரவம் திரும்பிவர ஓர் ஊசித்துளை உண்டு. ஒரு மணல் அல்லது துருத்துகள் அதை அடைத்தால் பிறேக் பிடித்தபடியே நின்று சில்லுச் சூடேறும். அத்துளை திறந்திருக்கவே மிதியில் சிறிது ஆட்டம் விடப்படுகிறது. அந்த ஆட்டத்தைக் குறையென எண்ணி இறுக்கிவிடும் அவசரக்காரர்கள் எல்லா ஊரிலும் உள்ளனர்.

இன்னொரு சோதனை கழுவுவதில் வருகிறது. தடைக்காலத்தில் எஞ்சினுக்கு உயிர்கொடுத்த மண்ணெண்ணெய், பிறேக் றப்பருக்கு நஞ்சு. பட்டதும் றப்பர் உப்பி உருளைக்குள் இறுகும். தொடக்ககால பிறேக் திரவங்கள் ஆமணக்கெண்ணெயும் அற்ககோலும் கலந்தவை என்பதையும், அவ்வெண்ணெய் இயற்கை றப்பரைக் கெடுக்காது என்பதையும் நினைத்தால், கனிம எண்ணெய் ஏன் இங்கே விலக்கப்பட்டது என்பது விளங்கும். ஆகவே உள்ளுறுப்புகள் ஸ்பிரிற்றிலோ புதிய பிறேக் ஒயிலிலோ மட்டுமே கழுவப்படுகின்றன.

ஆனால் இக்காரின் உண்மையான சுவை பிடிப்பும் மட்டமும் ஒன்றையொன்று மறிக்கும் இடத்தில் உள்ளது. முன்சில்லுகளைத் தாங்குவது சுருள்வில் அன்று. அடிச்சட்டத்தின் நீளவாக்கில் ஓடும் முறுக்குத் தண்டு. அது முறுகி எதிர்க்கும் விசையே காரின் முன்பகுதியை உயர்த்தி நிறுத்துகிறது. ஆண்டுகள் செல்லத் தண்டு தளர்ந்து கார் ஒருபுறம் சாயும். அப்போது அதன் நுனிப் பற்களைக் கழற்றி இடம்மாற்றிப் பூட்டி மட்டம் மீட்கப்படும். ஒரு பல் மாறினாலே உயர வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் என்பதால், நுண்ணிய திருத்தத்துக்குப் பின்முனை நெம்பில் தனி ஏற்பாடு உண்டு. சம நிலத்தில் நிறுத்தி, காரைச் சிலமுறை அமுக்கி ஆடவிட்டு, அது தானாக அமைந்தபின்பே இருபுறமும் அளப்பது முறை. காரைத் தூக்கிய நிலையில் அளந்த அளவு பயன்படாது.

மறிப்பு நேர்வது இங்கேதான்: மாஸ்ரர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நீண்ட ஆணிகள் சாரதிப்பக்க முறுக்குத் தண்டில் முட்டுவதால், அவற்றை உருவ வழியில்லை. றப்பர் கப் ஒன்றை மாற்ற விரும்புபவர், காரின் மட்டத்தையே கலைத்து அந்தத் தண்டை விலக்க வேண்டியிருக்கிறது. இசிகோனிசின் மேதைமையை மதிப்போரும் இந்த இடத்தில் அவரை மன்னிப்பது அரிது.

வேலை முடிந்தபின் குழாய்களிலிருந்து ‘எயர்’ எடுக்கப்படுகிறது. மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லில் தொடங்கி, ஒருவர் மிதிக்க மற்றவர் திருகைத் திறந்து மூடுவார். கண்ணாடிப் போத்தலில் அமிழ்ந்த றப்பர்க்குழாயின் நுனியில் குமிழிகள் ஓயும்வரை அது தொடரும். மிதி விரைந்தால் குமிழிகள் நுரையாகச் சிதறும். அந்த நிதானத்தை இருவரும் பேசாமலே காப்பது பார்க்கத்தக்கது.

பழைய மைனரை வாங்க வருவோர் பெயின்றின் பளபளப்பைப் பார்க்கின்றனர். விவரமறிந்தவரோ காரின் கீழே படுத்து, சிலிண்டரின் ஆணிகள் எப்பக்கமிருந்து செருகப்பட்டுள்ளன என்று பார்ப்பார். முன்னொருமுறை அதைக் கழற்றியவர் தேர்ந்தவராயின், ஆணிகளை எதிர்ப்புறமாகத் திருப்பிப் பூட்டியிருப்பார். அடுத்த தடவை முறுக்குத் தண்டைத் தொடாமலே அவற்றை உருவலாம்.